கிளம்பும்போது கேட்காத கேள்வி

பீரோக் கதவு கிறீச்சிட்டபோது மணி மூன்று ஐந்து. குழந்தைவேலு மேஜைமேல் கிடந்த தாள்களிலிருந்து தலையைத் தூக்கவில்லை. தூக்கிப் பார்த்துத்தான் தெரியவேண்டும் என்றில்லை. அந்த பீரோ இருவிதமாகப் பேசும். துவைத்த துணியை வைக்கத் திறந்தால் ஒரு முனகலோடு விட்டுவிடும். அடித்தட்டில் இருக்கும் நல்ல புடவையை எடுக்க வேண்டுமென்றால் இடது கதவையும் சேர்த்து இழுக்கவேண்டும், அப்போதுதான் இந்தக் கிறீச். சனிக்கிழமை, மூன்று ஐந்து, கிறீச். இது எட்டாவது சனிக்கிழமை. முதல் இரண்டை அவன் எண்ணவில்லை, பிறகு பின்னால் போய் எண்ணிச் சேர்த்துக்கொண்டான். பிரசன்னா எந்தப் புடவையை எடுக்கிறாள்? பச்சையா, மாம்பழ நிறமா? போன வாரம் மாம்பழ நிறம். ஒரே புடவையை ஒருவனுக்கு இரண்டு வாரம் தொடர்ந்து காட்டமாட்டாள் எந்தப் பெண்ணும். ஆகவே பச்சை என்றால் ஆபத்து, மாம்பழம் என்றால் ஆபத்தில்லை என்று மனம் தானாக ஒரு சட்டம் போட்டது, போட்ட உடனேயே அதற்கு ஒரு ஓட்டையும் கண்டுபிடித்தது: அந்த ஒருவன் 'மாம்பழம்தான் உனக்கு எடுப்பா இருக்கு' என்று சொல்லியிருந்தால்? முன்னால் கேள்வி பதினான்கு கிடந்தது. 'நேற்று மாலை நான்கு மணி முதல் நாலரை மணி வரை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? அப்போது உங்களுடன் யார் இருந்தார்கள்?' டெல்லிக்காரர்களின் கணக்கெடுப்பு. ஜனங்கள் ஒரு நாளை எப்படிச் செலவழிக்கிறார்கள் என்று அரைமணி அரைமணியாக வீடு வீடாகப் போய்க் கேட்கப்போகிறார்களாம். அதைத் தமிழில் ஆக்கி ஐந்து மணிக்குள் அனுப்பவேண்டும். ஊரிலுள்ள பெண்டாட்டிகளை எல்லாம் எங்கே இருந்தாய், யாரோடு இருந்தாய் என்று கேட்பதற்குக் குழந்தைவேலு சொல் தேடித் தருகிறான். சொந்தப் பெண்டாட்டியைக் கேட்க வாய் வரவில்லை. சிரிப்பு வந்தது. மின்விசிறி தாளின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அவன் அதன்மேல் டீ டம்ளரை நகர்த்தி வைத்தான். டீ ஆறிப்போயிருந்தது.

கேள்விகளில்தான் அவன் பிழைப்பு, பதினாறு வருஷமாக. சோப்பைப் பற்றி, வயிற்றுப்போக்கைப் பற்றி, வாக்களிப்பதைப் பற்றி, யார் யாரோ யார் யாரிடமோ கேட்க நினைத்ததெல்லாம் அவன் கைவழியாகத் தமிழுக்கு வந்திருக்கிறது. ஆங்கிலக்காரன் 'எங்கே'யை வாசலுக்கே இழுத்துக்கொண்டு வந்து நிறுத்திவிடுவான். வாயைத் திறந்ததுமே தெரிந்துவிடும், கேள்வி வருகிறது என்று. இந்திக்காரன் ஆமாவா இல்லையா என்று கேட்பதற்கு ஒரு 'க்யா'வை முன்னால் அனுப்பிக் கதவைத் தட்டுவான். தமிழில் அந்த அவசரமே கிடையாது. 'எங்கே' தன் இடத்தில் தன்பாட்டுக்கு உட்கார்ந்திருக்கும். ஆமா இல்லையா என்றால் வாக்கியம் முழுக்க சாதுவாக நடந்துபோய்க் கடைசிப்படியில் ஒரு 'ஆ' போடும். மலையாளத்தில் அந்த இடத்தில் 'ஓ'. அந்த 'ஓ'வால் ஒரு சண்டையே வந்தது இந்த வீட்டில். கல்யாணமான புதிதில் பிரசன்னா அவன் அம்மாவிடம் 'அம்மே, ஊணு கழிச்சோ?' என்று வாஞ்சையாகக் கேட்கப்போக, காங்கேயத்தில் பிறந்து காங்கேயத்திலேயே வளர்ந்த அம்மா அடுப்படிக்குள் வந்து அவனிடம் முறையிட்டாள், "ஏங்கண்ணு, நா தின்னனோ என்னமோன்னு அந்தப் புள்ளைக்கு அத்தனை சந்தேகமா?" சந்தேகமில்லை அம்மா, அவர்கள் ஊரில் கேட்பதே அப்படித்தான் என்று இவன் விளக்கி முடிப்பதற்குள் சோறு குழைந்துவிட்டது. ஒரு கேள்வியை இன்னொரு வாக்கியத்துக்குள் போட்டு மூடுவதிலும் ஊருக்கு ஊர் வேறு. ஆங்கிலத்தில் உள்ளே போன கேள்வி வால் மடக்கி, சாதாரண வாக்கியம் மாதிரி வரிசையில் நின்றுகொள்ளும். தெலுங்கில் யார் வந்தார்களோ என்பதற்கு 'எவரு வச்சாரோ' என்று ஓர் ஓகாரத்தை மாட்டித் தெரியாது என்பார்கள். தமிழில் ஒரு 'என்று' போதும். எந்தக் கேள்வியையும் மடித்து யார் பையில் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். இந்த எட்டு வாரமாக அவன் அதைத்தான் செய்துகொண்டிருந்தான். 'நீ எப்ப வருவேன்னு அம்மா கேட்டாங்க.' 'சனிக்கிழமை ஆனா எங்க போறாங்கன்னு பால்காரர் கேட்டார்.' அம்மா கேட்டதாகச் சொன்ன அன்றைக்கே, நேரம் பார்த்த மாதிரி, காங்கேயத்திலிருந்து அம்மா போன் செய்துவிட்டாள். பிரசன்னா ஒலிபெருக்கியைப் போட்டு, "கேட்டீங்களாமே, நான் எப்ப வருவேன்னு?" என்றாள். "நா எப்பச் சாமி கேட்டேன்?" என்றாள் அம்மா. பிரசன்னா அவனைப் பார்த்தாள், அவ்வளவுதான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட அவனுக்குத் தூக்கம் வந்திருக்கும்.

உள்ளே பவுடர் டப்பாவைத் தட்டும் சத்தம். இரண்டு தட்டு. மூன்று. எதற்கு மூன்று? ஒருகாலத்தில் இவளே கேட்டுக்கொண்டிருந்தாளே, வாய் ஓயாமல். காந்திபுரத்தில் அந்த மாடி ஆபீசில் அவன் தமிழ் மேஜை, அவள் மலையாள மேஜை. ஒற்றப்பாலத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்தாள். சேர்ந்த முதல் வாரம், சாயங்காலம் அவன் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கப் போகும்போது நிமிர்ந்து பார்த்து, "எங்ஙோட்டா?" என்றாள். எங்கே கிளம்பிட்டீங்க என்று, சும்மா, சிரித்துக்கொண்டு. அவனுக்கு உடம்பு ஒருமாதிரி ஆகிவிட்டது. எடுத்த காலைப் பின்வாங்கி, மேஜைக்குத் திரும்பி, நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் தேடினான். அவன் புட்டி காலி. அவள் புட்டியை எடுத்து, உதடு படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டதில் பாதி சட்டையில் வழிந்தது. பிறகு எழுந்து போனான். மறுநாளும் அவள் கேட்டாள், மறுநாளும் அவன் திரும்பி வந்து உட்கார்ந்தான். மூன்றாம் நாள், நான்காம் நாள். இந்த ஆளுக்கு ஏதோ நோய் என்று அவள் ஹாஸ்டலில் சொல்லியிருக்கிறாள். ஐந்தாம் நாள் ஏன் என்று கேட்டாள், அவன் சொன்னான்: கிளம்புகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது, கேட்டுவிட்டால் காரியம் கெட்டுப்போகும், திரும்பி வந்து உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்பவேண்டும். அவள் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அதற்குப் பிறகு வேண்டுமென்றே கேட்டாள். அவனும் வேண்டுமென்றே திரும்பி வந்தான். ஒரு வாய் தண்ணீர் அரைமணி ஆயிற்று, அரைமணி ஒருமணி ஆயிற்று, அவன் ஏறவேண்டிய பஸ்ஸெல்லாம் அவனில்லாமல் போயின. அப்படி வந்ததுதான் இந்தக் கல்யாணம். அவள் ஊருக்கு முதல்முறை போனபோது பார்த்தான்: வீட்டு வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரைக்கும் ஆறு பேர் அவளைக் கேட்டார்கள், எங்ஙோட்டா, எங்ஙோட்டா என்று. ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னாள். "எங்க ஊர்ல ஒரு ஆள யாரும் இப்படிக் கேக்கலேன்னா அந்த ஆள் செத்துப்போயாச்சுன்னு அர்த்தம்," என்றாள் பஸ்ஸில். அப்போது அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான்.

ஆனால் அவனுக்கு அது வேடிக்கை இல்லையே. ஒன்பது வயதில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவன் அவன். அப்பா மொபெட்டை உதைத்துக்கொண்டிருந்தார். அம்மா மாவுக்கையோடு வாசலுக்கு வந்து, "ஏனுங்க, எங்கீங்க போறீங்க?" என்றாள். அப்பா முறைத்தார், 'அறிவிருக்கா உனக்கு' என்பதுபோல. இறங்கித் திரும்பி வரப் பார்த்தார்தான். பிறகு, நேரமாச்சு என்று கிளம்பிவிட்டார். தாராபுரம் ரோட்டில் ஒரு லாரி. அம்மா அதற்கப்புறம் யாரையும் எதையும் எங்கே என்று கேட்டதில்லை. கரண்டி காணாமல் போனால்கூட 'கரண்டியக் காணமே' என்றுதான் சொல்வாள். "என்ற வாயில வந்த வார்த்தை ஒரு மனுசன எடுத்துக்கிச்சு," என்பாள். கல்யாணமாகி நாலாம் நாள் பிரசன்னாவை அடுப்படியில் உட்காரவைத்து, "கண்ணு, அவன் கெளம்பறப்ப எங்கீன்னு மட்டும் கேட்டுப்போடாத. தூரமான்னு கேளு, போதும்," என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டாள். பிரசன்னா அன்றோடு நிறுத்திவிட்டாள். அவனுக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தக் கேள்வியோடு அந்த ஒரு வாய் தண்ணீரும் அரைமணிப் பேச்சும் சேர்ந்து நின்றுபோனது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. இப்போது, பதினொரு வருஷம் கழித்து, பவுடர் டப்பாவின் மூன்றாவது தட்டில் உறைக்கிறது. அவனும் அவளைக் கேட்டதில்லை. அவள் கடைக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும், லாரி எந்த ரோட்டில் வருகிறதோ யார் கண்டார்கள். பிரியத்தால்தான் கேட்கவில்லை என்று ஒருநாளாவது சொல்லியிருக்கிறானா? இரண்டாம் வருஷத்தில் ஒருநாள் உடுத்திக்கொண்டு வாசல் நிலையில் வெகுநேரம் நின்றாள். "நீங்க கேக்கவே மாட்டீங்களா?" என்றாள். "என்னத்தை?" என்றான் இவன். அவள் போய்விட்டாள். அன்று எங்கே போனாள்? அதுவும் தெரியாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து வந்து 'விசேஷம் உண்டா, விசேஷம் உண்டா' என்று கேட்டுக் கேட்டு, ஒன்றும் இல்லையென்று அலுத்து, அவர்களும் கேட்பதை விட்டுவிட்டார்கள். இந்த வீட்டில் அவளை யாரும் எதுவும் கேட்பதில்லை, சாம்பாரில் உப்புப் போட்டாயா என்பதைத் தவிர.

வெளியே ரப்பர் குழாயிலிருந்து தண்ணீர் சீறும் சத்தம் ஆரம்பித்தது. வந்துவிட்டான். எதிர்வீட்டுச் சிவதாசன், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவன், பாலக்காட்டுக்காரன். போத்தனூர் ரயில்வே வட்டாரத்தில் பாதிப்பேர் மலையாளிகள்தான், அவர்களில் எவன்மேலும் குழந்தைவேலுவுக்கு ஒன்றும் கிடையாது, இவன்மேல் உண்டு. அறுபத்தொரு வயது ஆளுக்கு அப்படி என்ன தோள், அப்படி என்ன குரல்? அவன் பெண்டாட்டி, மகள் பிரசவத்துக்கு என்று மஸ்கட் போய் மூன்று மாசம் ஆகிறது. மூன்று மாசம்! பிரசன்னாவின் சனிக்கிழமைகள் இரண்டு மாசம். பொருந்துகிறது. பொருந்தாமல் போனாலும் குழந்தைவேலு பொருத்திவிடுவான், அவ்வளவு கைவந்துவிட்டது. எந்த மடையன் உச்சிவெயில் தணியாத மூன்று மணிக்குக் குரோட்டன்ஸ் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவான்? செடி வெந்துபோகாதா? சனிக்கிழமைதோறும் நடப்பது இதுதான்: இவள் கேட்டருகில் போவாள், அவன் குழாயைக் கீழே தாழ்த்திக்கொண்டு "எங்ஙோட்டா?" என்பான், ரோடெல்லாம் கேட்கும்படி, ஒரு லஜ்ஜையும் இல்லாமல், காற்றைக் கேட்பதுபோல. இவள் மதிலோரம் நடந்துபோய்ப் பதில் சொல்வாள். அந்தப் பதில்தான் இவனுக்குக் கேட்பதில்லை. சிரிப்பு கேட்கும். ஒற்றப்பாலத்து பஸ் நிறுத்தத்தில் சிரித்த சிரிப்பு, காந்திபுரத்து மாடியில் சிரித்த சிரிப்பு. பதினொரு வருஷமாக இந்த வீட்டுக்குள் இல்லை என்று இவன் நினைத்துக்கொண்டிருந்த பொருள் எதிர்வீட்டுக்காரனிடம் இருக்கிறது. மூன்றாம் சனிக்கிழமை அவள் போன பத்தாவது நிமிடம் சிவதாசனும் குடையை எடுத்துக்கொண்டு போனான். இவன் ஜன்னலோரமே நின்று பார்த்தான், ஒருமணி நேரத்தில் அவன் ஒரு கிலோ நேந்திரங்காயோடு திரும்பிவிட்டான். காயும் கையுமாக வந்தவனைப் பார்த்துக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது, அதை என்னவென்று சொல்வது! ஆறாம் வாரம் துவைக்கப் போட்ட அவள் கைப்பையின் உறையில் ரயில் சீட்டு கிடைத்தது. போத்தனூரிலிருந்து பாலக்காடு. சிவதாசனின் பாலக்காடு. அவனுக்கு அங்கே பூட்டிக்கிடக்கிற ஒரு வீடு உண்டு என்று அவனே ஒருமுறை சொல்லியிருக்கிறான். இவன் சீட்டை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டான். யாராவது இந்த எரிச்சலை வந்து பார்க்கட்டும், நெஞ்சுக்குழியில் மிளகாய் அரைத்து வைத்ததுபோல இருக்கிறது. கேள்வி பதினைந்து: 'இந்த நேரத்தில் நீங்கள் மகிழ்ச்சியாக இருந்தீர்களா?' ஆ. கடைசிப்படியில் ஒரு ஆ. அவன் பேனாவை மூடித் திறந்து மூடினான்.

பிரசன்னா வெளியே வந்தாள். பச்சையும் இல்லை, மாம்பழமும் இல்லை. வீட்டில் உடுத்தும் சாம்பல் நிறக் காட்டன். குழந்தைவேலுவுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. அடுத்த கணம் தோளில் மாட்டியிருந்த நீலப் பையைப் பார்த்தான். சனிக்கிழமைப் பை கருப்பு, சின்னது. இது ஊருக்குப் போகும் பை, ஜிப் இழுக்கமுடியாமல் முக்கால்வாசியில் நின்றிருந்தது. கிறீச்சென்ற பீரோவிலிருந்து எத்தனை புடவை வெளியே வந்திருக்கிறது? இவன் ஒன்று என்றல்லவா எண்ணிக்கொண்டிருந்தான். "சோறு மூடி வெச்சிருக்கேன். மோர் பிரிட்ஜ்ல இருக்கு," என்றாள். "ம்." "நாளைக்குக் காலைல மாவு இருக்கு. ரெண்டு நாளைக்கு வரும்." "ம்." ரெண்டு நாளா? ஏன் ரெண்டு நாள்? ஏன், எதற்கு, எங்கே, எத்தனை நாள், யார் வீட்டில். எல்லாம் நாக்குக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றன. அவள் வாசல் நிலையில் நின்றாள். முந்தானையைச் சரிசெய்தாள், சரியாகத்தான் இருந்தது. குடையை எடுத்தாள், ஆணியில் திருப்பி மாட்டினாள், மறுபடி எடுத்தாள். இவன் கேள்வி பதினைந்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கழுத்தில் ஈ ஒன்று உட்கார்ந்ததுபோல அவள் பார்வை உட்கார்ந்திருந்தது, நிமிர்ந்தால் பறந்துவிடும். 'தூரமா' என்று கேட்கலாம். அம்மா அனுமதித்த கேள்வி அது. பதினொரு வருஷமாக அவள் இவனைக் கேட்டுக் கேட்டு அதில் சாறே இல்லை. 'ஆமா' என்பாள், அல்லது 'இல்லை' என்பாள், கதவு சாத்திக்கொள்ளும். "அப்போ எறங்ஙட்டே?" என்றாள் பிரசன்னா. "ம்," என்றுவிட்டான். செருப்புச் சத்தம் படியிறங்கியபோதுதான் அந்த வார்த்தை அவனுக்குள் போய்த் தைத்தது. இறங்கட்டுமா. தினமும் சொல்வது 'போய்ட்டு வர்றேன்.' இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, அம்மா சொல்லிக் கொடுத்ததிலிருந்து, கோபத்தில் கதவை அறைந்துவிட்டுப் போன நாளில்கூட 'வர்றேன்' என்று சொல்லாமல் போனதில்லை. இன்றைக்கு அவள் ஊர் வார்த்தை. அதில் வருவதைப் பற்றி ஒன்றுமில்லை. இறங்குவது மட்டும்தான். அதையும் அவள் கேள்வியாகத்தான் கேட்டாள், பதில் சொல்ல ஆள் இருந்தால் சொல்லட்டும் என்று. ஆள் 'ம்' என்றான்.

எழுந்தது தெரியாமல் எழுந்து ஜன்னலருகே வந்துவிட்டிருந்தான். வெயில். அவள் முதுகு. நீலப் பை ஒரு பக்கம் இழுத்ததால் தோள் சாய்ந்து நடந்தாள், அந்தச் சாய்வைப் பார்க்கப் பாவமாக இருந்தது, பாவமாக இருந்ததும் கோபம் வந்தது. மதிலுக்கு அப்பால் சிவதாசன் குழாயைத் தாழ்த்தினான், இதோ கேட்கப்போகிறான், எட்டாவது முறையாக, என் பெண்டாட்டியை, நான் கேட்கவேண்டியதை, எனக்கு ஒன்பது வயதிலிருந்து தொண்டையில் அடைத்து வைத்திருப்பதை இவன் செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற சாக்கில், அவ்வளவு லேசாக. சிவதாசன் வாயைத் திறந்தான். பையைப் பார்த்தான். பிறகு, ஆச்சரியம், அவன் கேட்கவில்லை. தலையை மட்டும் மெல்ல ஆட்டினான், எல்லாம் தெரிந்தவன்போல, வழியனுப்புகிறவன்போல. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். கேட்காமல் இருக்கிறான் என்றால் தெரியும் என்று அர்த்தம். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கே என்று அவனுக்குத் தெரியும், எத்தனை நாள் என்று தெரியும், யாரோடு என்று தெரியும். குழந்தைவேலுவின் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது, கம்பி சுட்டது. கேட்டால் என்ன ஆகும்? அப்பாவின் மொபெட். ரயில்வே கேட்டில் தண்டவாளம் தாண்டிப் போகவேண்டும் அவள். கேட்டால் அதில் ஏதாவது ஆகும், கேட்காவிட்டால் அவள் வரமாட்டாள். கேட்டால் லாரி, கேட்காவிட்டால் மாவு ரெண்டு நாளைக்கு வரும். ஒற்றப்பாலத்தில் யாரும் கேட்காத ஆள் செத்துப்போன ஆள். பதினொரு வருஷமாக ஒரு பிணத்தோடா குடித்தனம் நடத்தினேன், இல்லை, அவளல்லவா இந்த வீட்டில் பிணமாக இருந்திருக்கிறாள், உப்புச் சரியாகப் போடும் பிணம். அவள் கை கேட்டின் கொண்டியைத் தூக்கியது. அம்மா, மன்னிச்சுக்கோ.

"எங்க போற?"

குரல் அவனுடையது மாதிரியே இல்லை, உடைந்து, பெரிதாக, ரோடு முழுக்கக் கேட்கும்படி வந்தது. சிவதாசனின் குழாய் அவன் காலிலேயே தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருந்தது. பிரசன்னா திரும்பினாள். "என்ன?" என்றாள், நிஜமாகவே நம்பாதவளாக. "எங்க போறேன்னு கேட்டேன்," என்றான். அம்மா கேட்கவில்லை, பால்காரர் கேட்கவில்லை. "நான்தான் கேட்டேன். எங்க போற, பிரசன்னா?" அவள் கொண்டியை விட்டாள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவனைப் பார்த்தாள். பிறகு வந்த வழியே திரும்பி நடந்து, படியில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து, பையைக் கீழே வைத்து, அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். "தண்ணி," என்றாள்.

அவன் பானையிலிருந்து மொண்டு கொண்டுவந்தான். அவசரமாக நீட்டியதில் கேள்வி பதினான்கின்மேல் நாலு சொட்டு விழுந்தது. அவள் பாதி குடித்துவிட்டு டம்ளரை மடியில் வைத்துக்கொண்டாள். "பாலக்காட்டுல, சர்வே ஆபீஸ்," என்றாள், அவனைப் பார்க்காமல். "நம்ம பழைய வேலைதான். சனிக்கிழமை சனிக்கிழமை சாயங்காலம் டிரெயினிங். திங்கக்கிழமை சேரணும். நாளைக்கு ஹாஸ்டல் ரூமை சுத்தம் பண்ணணும்னு இன்னைக்கே கிளம்பினேன். லீவுக்கு வருவேனா என்னன்னு முடிவு பண்ணல." "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்றான். "கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். ஏழு வாரம் அந்த வாசல்ல நின்னேன். இன்னைக்கும் நின்னேன்." அவனுக்கு இன்னும் ஒரு கேள்வி இருந்தது, வெட்கமாக இருந்தாலும் அடக்கமுடியவில்லை. மோவாயால் எதிர்வீட்டுப் பக்கம் காட்டினான். "அவருக்குத் தெரியுமா?" "தெரியும். மொதல் நாளே கேட்டார், சொன்னேன்." அவ்வளவுதானா? பூட்டின வீடு, குடை, நேந்திரங்காய், இரண்டு மாசத் தூக்கம், எல்லாம் அவ்வளவுதானா? நிம்மதி வரும் என்று காத்திருந்தான். வந்தது பொறாமைதான், முன்னைவிட அதிகமாக. ஒருத்தன் ஒரே ஒரு வார்த்தை கேட்டு அவள் வாழ்க்கை முழுவதையும் தெரிந்துகொண்டிருக்கிறான். அந்த வார்த்தை இவனிடமும் இருந்ததே, இத்தனை நாளாக, வாய்க்குள்ளேயே. "சனிக்கிழமை அங்க என்ன சொல்லித் தர்றாங்க?" என்று கேட்டான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சாப்பாட்டுக்கு என்ன பண்ணின? ரயில்ல உக்கார எடம் கெடைக்குமா? ஹாஸ்டல்ல யார் கூட?" கேட்டுக்கொண்டே போனான், கொட்டாங்குச்சியால் கிணறு இறைப்பவன்போல. அவளும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஸ்டேஷன் பக்கம் ஹாரன் நீளமாகக் கேட்டது. இரண்டு பேரும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்கள். மூன்று ஐம்பது. பெட்டிகள் ஒவ்வொன்றாகத் தண்டவாளத்தைத் தட்டிக்கொண்டு போய், சத்தம் தேய்ந்தது. "அடுத்த வண்டி?" என்றான். "அஞ்சு இருபதுக்கு." "நான் ஸ்டேஷனுக்கு வரட்டுமா?" மதிலுக்கு அப்பாலிருந்து சிவதாசன் கூப்பிட்டான், "எந்தா பிரசன்னே, வண்டி போயல்லோ! போயில்லே?" வண்டி போய்விட்டதே, நீ போகவில்லையா என்று.

பிரசன்னா ஜன்னல் பக்கம் திரும்பினாள். சிவதாசனிடம் அவள் தமிழில் பேசி இவன் கேட்டதே இல்லை.

"இல்ல சேட்டா," என்றாள் உரக்க. "இவங்க எங்கன்னு கேட்டுட்டாங்க."

சொல்லிவிட்டு மிச்சத் தண்ணீரையும் குடித்து, காலி டம்ளரை அவனிடம் நீட்டினாள்.